சுகுணா படித்த பள்ளிக்கூடம்

அன்றைக்கு நான் வாத்தியாருக்கு முன்னால் வகுப்புக்குள் போனேன்.

இது ஒரு சம்பவமா, இதற்கு ஒரு வாரத்துக் கட்டுரை முழுக்க எழுத வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்து இத்தனை வாரமும் தள்ளிப்போட்டேன். போன வாரம், அரியலூரில் நான் தங்கிப் படித்த சின்னம்மா வீட்டைப் பற்றியும், அவள் வைக்கும் கருவாட்டுக் குழம்பைப் பற்றியும் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, உங்கள் சின்னம்மாவுக்குச் சமையலைத் தவிர வேறு எதுவுமே பிடிக்காதா என்று கேட்டிருக்கிறார். கொஞ்சம் கோபமாகவே கேட்டிருக்கிறார். பிடிக்கும் அம்மா. சினிமா பிடிக்கும். அதை எழுதினால் இதையும் எழுத வேண்டிவரும் என்றுதான் எழுதாமல் இருந்தேன்.

தை பிறந்து பத்துப் பதினைந்து நாள் ஆகியிருக்கும். முதல் மணி அடித்துவிட்டது. நான் ஆறாவது பாரத்து, அதாவது பள்ளியிறுதி வகுப்பு, வாசலில் நிற்கிறேன். மார்போடு அணைத்த புத்தகங்கள், அவற்றின் மேல் ஜியோமிதிப் பெட்டி. கதவுக்குப் புதிதாகத் தார் பூசியிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியது. கணக்கு சார் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் யாரையோ நிறுத்தி வைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். உள்ளே நாற்பது பையன்கள். வாசலிலிருந்து என் பெஞ்சுக்குப் பத்துப் பன்னிரண்டு எட்டு வைத்தால் போதும்.

போய்விட்டேன்.

முதுகுகள்

இந்தக் காலத்துப் பெண்களுக்கு இதை விளக்கித்தான் சொல்லவேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்புகளில் பெண் என்று நான் ஒருத்திதான். (பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். அது இன்னும் நன்றாக நடக்கிறது.) பெண் பிள்ளை படிக்க வந்தால் எப்படி உட்கார வைப்பது, எப்படி நடத்துவது என்று அவர்களுக்கும் தெரியாது. யாரோ எப்போதோ ஒரு வழக்கம் செய்து வைத்திருந்தார்கள்.

ஹெட்மாஸ்டர் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. சுருட்டி வைத்த தேசப்படங்கள், ஓட்டை விழுந்த பூகோள உருண்டை, சாக்குக்கட்டிப் பெட்டிகள், இவற்றோடு நான். மணி அடித்ததும் அந்தப் பாடத்து வாத்தியார் வந்து வாசலில் ஒரு இருமல் இருமுவார். நான் வெளியே வந்து அவர் பின்னால் நடக்க வேண்டும். அவர் வகுப்புக்குள் போவார்; பையன்கள் எழுந்து வணக்கம் சொல்வார்கள்; அந்தச் சத்தத்தில் நான் போய் என் பெஞ்சில் உட்கார்ந்துவிட வேண்டும். பாடம் முடிந்ததும் அவர் பின்னாலேயே வெளியே வந்து, மறுபடி தேசப்படங்களோடு நிற்க வேண்டும். அடுத்த வாத்தியார், அடுத்த இருமல்.

என் பெஞ்சு வாத்தியார் மேஜைக்குப் பக்கவாட்டில், சுவரைப் பார்த்துப் போட்டிருந்தது. மூன்று வருஷம் ஒன்றாகப் படித்த பையன்களின் முகம் எனக்குச் சரியாகத் தெரியாது. வாத்தியார்களின் முதுகு தெரியும். சரித்திர சாருக்குக் கோட்டில் ஒரு பக்கம் தையல் விட்டிருக்கும். தமிழ் ஐயா சட்டை போடமாட்டார், அங்கவஸ்திரம்தான். கோடையில் முதுகெல்லாம் வேர்க்குரு. கணக்கு சாருடைய முதுகு கரும்பலகை மாதிரி விறைப்பாக இருக்கும்.

யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு ஒரு ஆபத்தும் வந்துவிடக்கூடாது என்றுதான் அத்தனையும் செய்தார்கள். ஆனால் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை ஒரு முதுகின் பின்னால் நடந்து பார்த்தால்தான் அது எப்படி இருக்கும் என்று தெரியும்.

ஒத்தை மிஷின்

என் அப்பா ஏலாக்குறிச்சிப் பக்கம் ஒரு சிற்றூரில் மிஷன் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். உறவில் அத்தனை பேரும் வேண்டாம் என்று சொல்லியும் என்னை ஹைஸ்கூலுக்கு அனுப்பினார். அம்மாவின் தங்கை, அதாவது சின்னம்மா, அரியலூரில் இருந்ததால்தான் அது முடிந்தது. சின்னப்பா ரயில்வே ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. பிள்ளைகள் இல்லை. வீட்டில் பெரிய மாதா படமும் அதன் முன்னால் எப்போதும் ஒரு விளக்கும் இருக்கும். சின்னப்பா நல்ல மனிதர், பேச்சு குறைவு. சினிமா என்றால் பக்திப் படம் மட்டும், அதுவும் வருஷத்துக்கு ஒன்று என்பது அவர் சட்டம்.

ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு மேட்டில் டூரிங் டாக்கீஸ் கொட்டகை போட்டிருந்தார்கள். தென்னங்கீற்றுக் கூரை, ஆற்று மணல் தரை. நடுவே ஒரு மூங்கில் தட்டி. அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள். பொழுது சாய்கிற நேரத்தில் ஒலிபெருக்கியில் பாட்டுத்தட்டு வைப்பார்கள். சின்னம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாலும் கை நின்றுவிடும்.

சின்னப்பாவுக்குச் சாயங்கால முறை வேலை இருக்கும் நாட்களில், அவருக்குத் தெரியாமல், எப்போதாவது ஒரு முதல் ஆட்டத்துக்குச் சின்னம்மா போய்விட்டு வருவாள். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் பாட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டு வருவாள். மறுநாள் மத்தியானம் அதை நான் படித்துக் காட்ட வேண்டும். முதல் தடவையிலேயே அவளுக்கு மனப்பாடம் ஆகிவிடும். நான் ஒரு வரி விட்டுப் படித்தால் கண்டுபிடித்துவிடுவாள்.

கொட்டகையில் ஒரே ஒரு மிஷின். ஒவ்வொரு ரீல் முடியும்போதும் விளக்கைப் போட்டு, அடுத்த ரீலை மாட்டி, மறுபடி விளக்கை அணைப்பார்கள். எல்லோருக்கும் அது எரிச்சல். சின்னம்மாவுக்கு அதுதான் கொண்டாட்டம். விளக்கு எரிகிற அந்த நேரத்துக்குள் இனி என்ன நடக்கும் என்று அவள் ஒரு கதை சொல்லிவிடுவாள். பக்கத்தில் இருக்கிற பெண்களும் சேர்ந்துகொள்வார்கள். பெரும்பாலும் படத்தைவிட அவள் கதை நன்றாக இருக்கும்.

அந்தத் தையில் வந்தது ஒரு பள்ளிக்கூடப் படம். வண்டியில் தமுக்கு அடித்துக்கொண்டு வந்து நோட்டீசு வீசினார்கள். ஹைஸ்கூல் பிள்ளைகளின் லூட்டி, வயிறு புண்ணாகச் சிரிக்கலாம் என்று அதில் போட்டிருந்தது. ஒரு ஓரத்தில், கையில் புத்தகங்களோடு நிற்கிற ஒரு பெண்ணின் படம்.

அதுவரை திரையில் நான் பார்த்த பெண்கள் எல்லாம் ராணிகள், பத்தினிகள், தெய்வங்கள். புத்தகம் வைத்திருந்த ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன். மூன்று நாள் சின்னம்மாவைக் கெஞ்சினேன். அவள் பயந்தாள். தான் தனியாகப் போவது வேறு, வயசுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவது வேறு என்றாள். நான் சாப்பிடாமல் கிடந்தேன். நாலாம் நாள் சின்னப்பா வேலைக்குப் போனதும், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பினோம்.

சுகுணா

படத்தின் பெயரையும் எழுதப் போவதில்லை. குறை சொல்லப் போகிறேன், பெயர் சொன்னால் சண்டைக்கு யாராவது வருவார்கள்.

கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு ஹைஸ்கூல். நாலு குறும்புக்காரப் பையன்கள். தூங்குமூஞ்சி ஹெட்மாஸ்டர். பசித்தபோதெல்லாம் மணி அடித்துவிடுகிற ஒரு பியூன். புதிதாக வந்து சேருகிற பெண், பெயர் சுகுணா. பையன்கள் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட, பள்ளிக்கூடமே வீட்டுக்குப் போய்விடுகிறது. காணாமல் போன அந்த ஒரு மணி நேரத்தை ஹெட்மாஸ்டர் பீரோவுக்குள்ளும் மேஜைக்கு அடியிலும் தேடுகிறார். அந்த இடத்தில் கொட்டகையே குலுங்கியது. சின்னம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். பெண்கள் பக்கத்தில் இருந்தவர்களில் ஹைஸ்கூலை உள்ளே போய்ப் பார்த்தது நான் ஒருத்திதான். மற்றவர்களுக்குப் பள்ளிக்கூடம் என்பது ரோட்டிலிருந்து பார்க்கிற ஒரு மதில் சுவர். மதிலுக்கு உள்ளே நடப்பதை அவர்களுக்குக் கூப்பிட்டுக் காட்டி, இதில் பயப்பட ஒன்றும் இல்லை, இங்கேயும் முட்டாள்கள்தான் இருக்கிறார்கள் என்று அந்தப் படம் சொல்லிவிட்டது. வேர்க்கடலை விற்கிற கிழவிகூட ஹெட்மாஸ்டரைப் பார்த்துச் சிரிக்கலாம். இது சின்ன விஷயம் இல்லை.

எனக்குப் பிடித்தது வேறு ஒரு இடம். சுகுணா முதல் நாள் வகுப்புக்கு வருகிறாள். தனியாக வருகிறாள். வாத்தியார் இன்னும் வரவில்லை. வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராக உள்ளே நடந்து போகிறாள். பையன்கள் காகித அம்பு விடுகிறார்கள். ஒன்றைப் பிடித்து அவளும் திருப்பி விடுகிறாள். அது அப்போதுதான் உள்ளே நுழைகிற வாத்தியாரின் மூக்கில் போய்ப் படுகிறது. எல்லோரும் அந்த மூக்குக்குச் சிரித்தார்கள். நான் அவள் நடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளக்கைப் போட்டார்கள். சின்னம்மா என்னைக் குனிந்து பார்த்தாள்.

"ஏன் புள்ள அழுவுற? சிரிப்புப் படத்துல."

தூசி விழுந்துவிட்டது என்றேன்.

குறைகள்

இனி குறைகளைச் சொல்கிறேன். நான் ஆயுசு முழுக்க வாத்தியாராக இருந்தவள். திருத்தாமல் இருக்க முடியாது.

முதலாவது, கதாநாயகனுக்கு வயது முப்பத்தைந்துக்குக் குறையாது. மீசையை மழித்த இடம் பச்சையாகத் தெரிகிறது. அவரை அரை டிராயரில் பெஞ்சின் மேல் நிறுத்தி வைக்கும்போது பெஞ்சுக்காகத்தான் நமக்குக் கவலை வருகிறது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் படிக்கிறதில்லை. சுகுணாவின் கையில் படம் முழுக்க அதே மூன்று புத்தகங்கள். ஒரு தடவைகூட அவள் அவற்றைத் திறக்கவில்லை. ஒரு காட்சியில் அவற்றால் கதாநாயகனை அடிக்கிறாள், அவ்வளவுதான். கடைசியில் பார்த்தால் மாகாணத்திலேயே முதலாவதாகத் தேறிவிடுகிறாள். நான் ஜியோமிதியில் ஒரு தேற்றத்துக்கு மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த காலம் அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாத்தியார்கள் எல்லோரும் ஆரம்பத்தில் முட்டாள், முடிவிலும் முட்டாள். ஒருவருக்காவது ஒரு பாடம் தெரியும் என்று காட்டியிருக்கலாம். நம்மைச் சிரிக்க வைப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவர்களாக வருகிறார்கள். உண்மையில் முட்டாள் வாத்தியார்கள் இவ்வளவு சிரிக்க வைப்பதில்லை.

முடிவு இன்னும் மோசம். யுத்த காலம், ஃபிலிமுக்குத் தட்டுப்பாடு என்று பேசிக்கொண்டார்கள். அதனாலோ என்னவோ பரீட்சை, ரிசல்ட், கல்யாணம் மூன்றையும் கண் சிமிட்டும் நேரத்தில் முடித்துவிட்டார்கள். மாலையும் கழுத்துமாக சுகுணா சிரிக்கிறாள், சுபம். மாகாணத்தில் முதலாவதாக வந்தவள் அப்புறம் என்ன செய்தாள் என்று கேட்க அந்தப் படத்தில் ஒரு ஆள் இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அதில் யார் என்ன செய்தாலும் யாருக்கும் ஒரு நஷ்டமும் வருவதில்லை. கடிகாரத்தைத் தள்ளி வைக்கலாம், வாத்தியார் மூக்கில் அடிக்கலாம். விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும்.

இவ்வளவும் இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு அந்தக் கொட்டகையை விட்டு வரும்போது என் கால் தரையில் பாவவில்லை.

சனிக்கிழமை மாதா கோயிலில், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது, சினிமா பார்த்தேன் சாமி என்று சொன்னேன். என்ன படம் என்று சாமியார் கேட்டார். பள்ளிக்கூடப் படம் என்றேன். பள்ளிக்கூடப் படம் எந்தக் கணக்கில் சேரும் என்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது. மாதாவுக்கு மூன்று 'அருள் நிறைந்த' மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். நானும் தீர்ந்தது என்று நினைத்தேன்.

எழுந்து நின்ற வகுப்பு

திங்கட்கிழமைக்கு வருகிறேன். கணக்கு சார் வந்து இருமுவதற்கு முன்னாலேயே நான் அந்தத் தேசப்பட அறையிலிருந்து வெளியே வந்துவிட்டேன். வாசலில் ஒரு நிமிஷம் நின்றேன். உள்ளே நடந்தேன்.

காகித அம்பு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. நாற்பது பையன்களும் தடதடவென்று எழுந்து நின்று, "குட் மார்னிங் சார்" என்றார்கள்.

அவர்கள் மேல் தப்பில்லை. என் தாவணி வாசலில் தெரிந்தால் அதற்கு முன்னால் வாத்தியார் வந்துவிட்டார் என்று அர்த்தம். மூன்று வருஷமாக அப்படியே பழகிப்போனவர்கள், தலை நிமிராமலே எழுந்துவிட்டார்கள். நிமிர்ந்து பார்த்தால் நான்தான் இருக்கிறேன். நான் பாட்டுக்கு நடந்து போய் உட்கார்ந்தேன். பின்னால் ஒரு குரல், "சுகுணா வந்துருச்சு டோய்" என்றது. வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றுதான் அவர்கள் முகத்தை முதன்முதலாக நேராகப் பார்த்தேன்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் கணக்கு சார் உள்ளே வந்தார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஒரு தடவை எழுந்து வணக்கம் சொல்லி முடித்துவிட்டவர்களுக்கு மறுபடி எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அவர் நேராகப் பலகைக்குப் போனார். கரும்பலகையில் கணக்கைப் போட்டார். பாடம் முடிந்ததும் எனக்காக நிற்காமல் போய்விட்டார். பாதி சாக்குக்கட்டியை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். எப்போதும் அதைப் பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறவர். அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

ஹெட்மாஸ்டர் அறை

இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்த மனிதர் வகுப்புக்குள் வரும்போது யாரும் எழுந்திருக்கவில்லை. அவர் ஹெட்மாஸ்டரிடம் போய், ஒன்று நான், இல்லை அந்தப் பெண் என்று சொல்லிவிட்டார். பின்னால் நானும் வாத்தியாரான பிறகுதான் அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

அப்பாவுக்குக் கடிதம் போயிற்று. புதன்கிழமை அவர் வந்தார். திருமானூர் வரை மாட்டுவண்டி, அங்கிருந்து, யுத்த காலத்தில் பெட்ரோல் இல்லாமல் கரி எரித்து ஓட்டிய கரி பஸ். வெள்ளை ஜிப்பாவெல்லாம் கரித்தூள். அதைத் தட்டிக்கூட விடாமல் நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். ஊரில் எனக்குப் பொறுப்பு என்பதால் சின்னப்பாவையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் ரயில்வே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். கணக்கு சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மேஜையில் டி.சி. புத்தகம் விரித்து வைத்திருந்தது. தலைகீழாக இருந்தாலும் என்னால் படிக்க முடிந்தது. என் பெயரும் அப்பா பெயரும் எழுதியாகிவிட்டது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. அந்தக் கையெழுத்து விழுந்தால் ஊருக்குப் போக வேண்டியதுதான். எனக்காகப் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் வரதராசன்பேட்டையில் காத்துக்கொண்டிருந்தார்கள்.

ஹெட்மாஸ்டர் கெட்டவர் இல்லை. என்னை அனுப்பவும் அவருக்கு மனமில்லை, சாரை விடவும் முடியாது. வழி ஒன்று கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"வாத்தியாரே, உங்க பொண்ணு நல்லாப் படிக்கிற புள்ள. இந்த டாக்கீஸ்காரன் வந்து ஊரையே கெடுத்துட்டான். படத்தப் பாத்துதான் புத்தி கெட்டுப் போச்சுன்னு அதுவே தன் வாயால சொல்லி, சார்கிட்ட மன்னிப்பும் கேட்டுட்டா இதோட விட்டுடலாம். என்ன சார்?"

கணக்கு சார் ஜன்னலிலிருந்து திரும்பாமல் தலையை அசைத்தார்.

அப்பா என்னைப் பார்த்தார்.

"என்ன நடந்துச்சோ அதச் சொல்லும்மா."

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அந்தப் படம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னாலிருந்தே, ஒவ்வொரு இருமலுக்கும் எனக்குள் ஒன்று எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. நான் நடக்க ஆசைப்பட்டேன், நடந்தேன். படம் என்னைக் கெடுக்கவில்லை. நடக்கலாம் என்று காட்டியது, அவ்வளவுதான். இதைச் சொல்ல வார்த்தைகூட எனக்கு வாயில் வந்துவிட்டது. டி.சி. புத்தகத்தைப் பார்த்தேன்.

"படத்தப் பாத்துதான் சார் அப்புடிப் பண்ணிட்டேன். சின்னம்மாதான் கூட்டிட்டுப் போனாங்க."

முதல் பாதியை அவர்கள் கேட்டார்கள். இரண்டாவது பாதியை யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். என் மேல் பழி கொஞ்சம் குறையட்டும் என்று சொன்னேன்.

சின்னப்பா தொப்பியைக் கையில் ஒரு சுற்று சுற்றினார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. கணக்கு சார் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டேன். ஹெட்மாஸ்டர் அந்தத் தாளைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். அப்பா அந்த அறையைவிட்டு வெளியே வந்த பிறகுதான் ஜிப்பாவைத் தட்டினார்.

மறுநாள் பிரார்த்தனைக் கூட்டத்தில், சினிமாவின் தீமையை ஒரு மாணவியே ஒப்புக்கொண்டாள் என்று ஹெட்மாஸ்டர் பேசினார். மார்ச் வரை நான் முதுகுகளின் பின்னால் நடந்தேன்.

அந்தப் புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் சின்னப்பா கொல்லைப் பக்கம் சின்னம்மாவைக் கூப்பிட்டுப் பேசியது எனக்குக் கேட்டது. அவர் சத்தம் போடவில்லை. புள்ளையைக் கூட்டிக்கொண்டு போனது நீயா என்று ஒரு கேள்விதான். ஆமாம், நான்தான் என்று சின்னம்மா சொன்னாள். அப்புறம் உள்ளே வந்து எங்களுக்குச் சோறு போட்டாள். என்னிடம் அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. பாட்டுத்தட்டு சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துவாள். சின்னப்பாவின் கோபம் தணிந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டு நான் படித்தேன்.

பெரம்பலூர்

தேறினேன். திருச்சியில் டிரெயினிங் முடித்தேன். பெரம்பலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்தது. எனக்குக் காமாலை என்று கேள்விப்பட்டு, கீழாநெல்லியும் மோருமாகச் சின்னம்மா அரியலூரிலிருந்து பஸ் ஏறி வந்து, பத்து நாள் என்னோடு இருந்தாள். சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும்.

நான் எழுந்து நடமாடி, பள்ளிக்கும் போக ஆரம்பித்த சமயம், ஊருக்கு வெளியே இருந்த கொட்டகைக்கு அதே படம் வந்தது. தேய்ந்துபோன பிரிண்டாக இருக்கும். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாக, சின்னம்மா கிளம்பு, இங்கே சின்னப்பாவும் இல்லை, ஹெட்மாஸ்டரும் இல்லை என்றேன்.

அவள் கீழாநெல்லியை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நீ போயிட்டு வா கண்ணு. நான் வரல."

உடம்புக்கு என்ன என்றேன். ஒன்றும் இல்லை என்றாள். சின்னப்பாவுக்குத் தெரியவா போகிறது என்றேன். அப்போதுதான் சொன்னாள்.

"அன்னிக்கி ராத்திரி மாதா படத்து முன்னாடி சத்தியம் பண்ணச் சொன்னாரு. இனிமே படத்துக்குப் போவமாட்டேன்னு. பண்ணிட்டேன்."

நாலைந்து வருஷம். எனக்குத் தெரியவே தெரியாது. அவளுக்கே ஆசை விட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

சாமியாரிடம் சொன்னால் அந்தச் சத்தியத்திலிருந்து விடுதலை கொடுப்பார், நான் கேட்கிறேன் என்றேன். நான் பண்ணின சத்தியத்தை அவர் எப்படி எடுப்பார் என்றாள். அதற்குப் பிறகு எனக்கு மறைக்க முடியவில்லை. கூட்டிக்கொண்டு போனது நீ என்று ஹெட்மாஸ்டரிடம் சொன்னது நான்தான், கெஞ்சினது நான் என்று சொல்லவில்லை, படம் பார்த்துக் கெட்டேன் என்றதும் பொய், நடக்கணும் என்று ஆசையாக இருந்தது, அதனால் நடந்தேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அழுதேன்.

அவள் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தெரியும் புள்ள. மூணு நாளு சாப்புடாம கெடந்தது நீயா நானா? அவருகிட்ட அதச் சொல்லியிருந்தா ஒன்னய மறுநாளே ஊருக்குப் பஸ் ஏத்தியிருப்பாரு. பரீட்சை போயிருக்கும்."

"என்மேல கோவமே இல்லியா சின்னம்மா?"

"இல்லாம என்ன. பாட்டு போடுறப்பல்லாம் வரும். நல்லாவே வரும். அப்பறம் ஒலையில அரிசி போடணும்ல, போயிடும்."

அவள் பொய் சொல்லித் தேற்றாமல் இருந்தது எனக்கு அன்றைக்கு எப்படியோ தாங்கிக்கொள்ளும்படி இருந்தது. நானும் படத்துக்குப் போகவில்லை. பாட்டுத்தட்டு ஓய்ந்து ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. ஹெட்மாஸ்டர் ஒரு மணி நேரத்தைத் தேடுகிற இடம் எப்போது வரும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தூரத்தில் கொட்டகை சிரிக்கிற சத்தம் கேட்டதும் சின்னம்மாவின் உதடு தன்னால் கோணியது. முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் வெகுகாலம் இருந்தாள். அரியலூரிலேயே நிரந்தரத் தியேட்டர் வந்தது. கலர் படம் வந்தது. சின்னப்பா போன பிறகும்கூட அவள் சத்தியத்தை மீறவில்லை. அவள் கடைசியாகப் பார்த்தது அந்தப் பள்ளிக்கூடப் படம்தான்.

அதன் குறைகளை எல்லாம் மேலே எழுதியிருக்கிறேன். எழுதும்போது சிரிப்பாகத்தான் இருந்தது. இப்போது படித்துப் பார்த்தால் ஆத்திரமாக வருகிறது. அந்த மனுஷிக்கு அதுதான் கடைசி என்று ஆனபிறகு, அந்தப் படம் இன்னும் கொஞ்சம் நல்ல படமாக இருந்திருக்கக் கூடாதா?